கூடாரத்தின் முளைகளிலும் கிறிஸ்துவைத் தேட வேண்டுமா?

கேள்வி: ஐயா, எங்கள் சபையில் ஞாயிறு பள்ளியின் பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். எல்லாரும் 13 முதல் 16 வயதுக்குள். இந்த லெந்து நாட்களில் ஆறு வாரம் ‘மோசேயின் ஆகமங்களில் கிறிஸ்து’ என்ற பாடத்தை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் கன்வென்ஷனில் பேசிய ஊழியர், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதனைக்காக அமைத்த ஆசரிப்புக் கூடாரத்தின் நாலுவித நூலும் நாலு சுவிசேஷங்கள், சீத்திம் மரம் இயேசுவின் மனுஷீகம், அதன்மேல் அடித்த பொன் அவருடைய தெய்வீகம், பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியேயும் நிற்கும் முளைகள் அவருடைய மரணமும் உயிர்த்தெழுதலும் என்று மூன்று ராத்திரியும் விளக்கினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன், “சித்தி, அதை எழுதினவங்க யூதருங்க. அவங்களுக்கே அதுல இயேசு தெரியலை. நீங்க பின்னாடி வந்து ஒட்டவைக்கிறீங்க” என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிள்ளைகளிடம் எதைத் தைரியமாகச் சொல்லலாம், எதை விட்டுவிடலாம்?

– ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை

பதில்: கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

உங்கள் அக்கா மகனிடமிருந்தே தொடங்குகிறேன். அவன் சொன்னதில் பாதி சரி. அதை நீங்கள் ஒத்துக்கொண்டால்தான் மீதியைப் பற்றி அவனிடம் பேச முடியும்.

லூக்கா 24ஐ எடுத்துப் பாருங்கள். எம்மாவுக்கு நடந்துபோன இரண்டு சீஷர்களும் மோசேயின் ஆகமத்தைச் சிறுவயது முதல் ஜெப ஆலயத்தில் கேட்டு வளர்ந்தவர்கள். இயேசுவோடு பழகியவர்கள். கல்லறை வெறுமையாய் இருந்த செய்தியும் காதுக்கு வந்துவிட்டது. அப்படியும் அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உயிர்த்தெழுந்தவரே கூட நடந்து, மோசே தொடங்கி எடுத்துச் சொன்ன பிறகுதான் விளங்கியது. ஆக, யாத்திராகமத்தை யார் வாசித்தாலும் நேரே கல்வாரிக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள் என்று அப்போஸ்தலர்களே சொல்லவில்லை. உயிர்த்தெழுதலின் இந்தப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தபோது கண்டதைத்தான் எழுதினார்கள். ‘பின்னாடி வந்து’ என்று தம்பி சொன்னது உண்மை. ‘ஒட்டவைத்தார்கள்’ என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதற்குக் காரணம் வெறும் பக்தி அல்ல. 1947இலிருந்து சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் கிடைத்த சுவடிகளில் ஒற்றைத் தோல் ஏடு ஒன்று உண்டு. கி.மு. 100ஐ ஒட்டி எழுதப்பட்டது. அதில் யாரோ ஒரு யூதர் வேதப் பகுதிகள் சிலவற்றைத் தேடி எடுத்து வரிசையாக வைத்திருக்கிறார். மோசேயைப் போல ஒரு தீர்க்கதரிசியை எழும்பப்பண்ணுவேன் என்ற உபாகமம் 18இன் வாக்கு, யாக்கோபிலிருந்து உதிக்கும் நட்சத்திரத்தைப் பற்றிய எண்ணாகமம் 24இன் வாக்கு, லேவிக்கு மோசே சொன்ன ஆசீர்வாதம். தீர்க்கதரிசி, ராஜா, ஆசாரியன் என்று மூன்று பேர் வர வேண்டியிருக்கிறது என்ற எதிர்பார்ப்பு, இயேசு பிறப்பதற்கு ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பே தோலில் எழுதிவைக்கப்பட்டுவிட்டது. அங்கேயே கிடைத்த இன்னொரு சுவடி ஆதியாகமத்தில் வரும் ஆசாரிய ராஜாவான மெல்கிசேதேக்கைக் கடைசிக் காலத்தில் மீட்கவும் நியாயந்தீர்க்கவும் வருகிறவனாகப் பேசுகிறது. எபிரெயருக்கு எழுதின நிருபம் மட்டும்தான் மெல்கிசேதேக்கை வைத்துக்கொண்டு விசித்திரம் பண்ணுகிறது என்று நினைத்தவர்களுக்கு அது ஓர் அதிர்ச்சி.

நட்சத்திரத்தின் கதை இன்னும் தூரம் போகிறது. கி.பி. 132 முதல் 135 வரை ரோமருக்கு எதிராகக் கலகத்தை நடத்திய சீமோனைப் பார்த்து, ‘யாக்கோபின் நட்சத்திரம் இவர்தான்’ என்று அறிவித்தவர் அந்தக் காலத்தின் பெரிய யூத வேத போதகர் ரபீ அக்கிவா. நட்சத்திரத்தின் குமாரன் என்று பொருள்படும் பார் கோக்பா என்ற பெயரால் அவன் அறியப்பட்டது அதனால்தான். அக்கிவா பார்த்த ஆள் வேறு. ஆனால் எண்ணாகமத்தின் அந்த வசனம் ஒருவரைச் சுட்டிக்காட்டிக் காத்திருக்கிறது என்பதில் அவருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் சண்டையே இல்லை.

ஆகவே தம்பிக்குச் சொல்லுங்கள்: எதிர்பார்ப்பு யூதர்களுடையது. வந்தவர் யார் என்பதில்தான் வழக்கு. கூடவே இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். வரப்போகிற ராஜா சிலுவையில் சாவார் என்று அந்தச் சுவடிகளில் யாரும் எழுதிவைக்கவில்லை. ஈசாக்கின் கதையிலும் வெண்கலச் சர்ப்பத்திலும் சிலுவையைக் கண்டது கிறிஸ்தவர்களின் வாசிப்பு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை நாம் மறைக்கிறோம் என்று பிள்ளைகள் பிற்பாடு கண்டுபிடித்தால்தான் வெட்கம்.

இனி, எதைத் தைரியமாகச் சொல்லலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான். ஒரு பகுதியைப் பிற்பாடு பழைய ஏற்பாடே திரும்பத் தொடுகிறதா, அல்லது அந்தப் பகுதியே முடியாமல் திறந்து நிற்கிறதா என்று பார்ப்பேன். அப்படியானால் அங்கே பிரசங்கியின் கற்பனைக்கு வேலை குறைவு, வசனமே முன்னால் இழுக்கும்.

உபாகமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 18ஆம் அதிகாரத்தில் என்னைப் போல ஒரு தீர்க்கதரிசி வருவார் என்கிறார் மோசே. கடைசி அதிகாரத்தில் மோசே மரிக்கிறார், யோசுவா பொறுப்பேற்கிறான். யோசுவாதான் அவர் என்று முடித்திருக்கலாம் அல்லவா? 34:10 அப்படி முடிக்கவில்லை. மோசேயைப் போல ஒரு தீர்க்கதரிசி அப்புறம் இஸ்ரவேலில் எழும்பினதில்லை என்கிறது. ஐந்து ஆகமங்களும், கொடுத்த வாக்கு இன்னும் பாக்கி இருக்கிறது என்று சொல்லித்தான் முடிகின்றன. எருசலேம் தேவாலயத்தில் பேதுரு இதே வசனத்தைத்தான் எடுத்தார் (அப்போஸ்தலர் 3), ஸ்தேவானும் அதையே எடுத்தார் (7ஆம் அதிகாரம்). இதைவிடப் பலமான தொடக்கம் உங்கள் ஆறு வாரத்துக்குக் கிடைக்காது.

மெல்கிசேதேக்கும் அப்படித்தான். ஆதியாகமம் 14இல் மூன்றே வசனத்தில் வந்து, அப்பமும் திராட்சரசமும் கொடுத்து, ஆபிரகாமை ஆசீர்வதித்து, தசமபாகம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறார். சங்கீதம் 110 அவரைத் திரும்பக் கூப்பிட்டு, என்றென்றைக்கும் ஆசாரியர் என்கிறது. எபிரெயர் 7 அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆதியாகமம் 3:15இன் ‘ஸ்திரீயின் வித்து’ பற்றிக் கேட்பார்கள். புதிய ஏற்பாடு அந்த வசனத்தை எடுத்துக்காட்டி இயேசுவுக்கு நேரடியாகப் பொருத்துவதில்லை. ரோமர் 16:20 அதன் எதிரொலி, அவ்வளவே. அதை முதல் சுவிசேஷம் என்று சபை விரித்தது 2ஆம் நூற்றாண்டில், ஐரேனியு போன்ற ஆதிச்சபைப் போதகர்களிடத்தில். ஆனால் ஆதியாகமம் முழுவதும் அந்த வித்து எந்த வழியாக வருகிறது என்று சேத், ஆபிரகாம், யூதா என்று தொடர்ந்து பார்த்துக்கொண்டே போகிறதே, அந்த ஓட்டத்தைக் காட்டுங்கள். ஒற்றை வசனத்தின்மேல் எல்லாப் பாரத்தையும் ஏற்ற வேண்டாம்.

பஸ்காவுக்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் இயேசுவின் பெயரையே எடுக்காதீர்கள். சும்மா சொல்லவில்லை. எகிப்தில் அந்த ராத்திரி வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு அது என்னவாக இருந்தது என்று பிள்ளைகள் முதலில் உணர வேண்டும். பத்தாம் தேதி ஆட்டைப் பிடித்துப் பதினாலாம் தேதி மட்டும் வைத்திருக்கிறார்கள். ஒரு வயது, ஆண், பழுதில்லாதது. செம்மறிதான் வேண்டும் என்றுகூட இல்லை, வெள்ளாடும் ஆகும் (நம் ஞாயிறு பள்ளிப் படங்களில் ஒரு வெள்ளாட்டையும் நான் பார்த்ததில்லை). நாலு நாள் வீட்டு வாசலில் நின்று குழந்தைகள் தழை கொடுத்த குட்டி. பதினாலாம் தேதி சாயங்காலம் அதை அடித்து, ஈசோப்புக் கொழுந்தை இரத்தத்தில் தோய்த்து நிலைக்கால்களிலும் மேற்சட்டத்திலும் தெளிக்கிறார்கள். எலும்பை முறிக்காமல் சுட்டு, கச்சை கட்டி, காலில் செருப்போடு, கையில் தடியோடு தின்கிறார்கள். எல்லாம் அடிமைகள், ஓடத் தயாராக நிற்கிறவர்கள். தலைச்சன் பிள்ளைகள் செத்த எகிப்தியர் வீடுகளில் எழுந்த அழுகையையும் தாண்டிப் போகாதீர்கள். பிள்ளைகளில் ஒருவராவது அதைக் கேட்பார்கள். யூதர்கள் இன்றைக்கும் பஸ்கா இரவில் பத்து வாதைகளைச் சொல்லும்போது கிண்ணத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் திராட்சரசத்தை எடுத்துவிடுகிறார்கள். பிறர் துக்கத்தால் நம் சந்தோஷம் குறைகிறது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். அந்த வழக்கத்தைச் சொல்லுங்கள், போதும்.

இரண்டாம் வாரம் யோவான் 19. சேவகர் மற்ற இருவரின் கால் எலும்புகளை முறித்துவிட்டு இயேசுவிடம் வந்து, மரித்திருந்ததைக் கண்டு விட்டுவிடுகிறார்கள். காடிக் கடற்பஞ்சை மத்தேயுவும் மாற்கும் ஒரு கோலில் மாட்டியதாகச் சொல்ல, யோவான் மட்டும் ஈசோப்புத் தண்டு என்கிறார். வாசிக்கிறவர் கவனிக்க வேண்டும் என்றே வைத்த சொல் அது. அப்புறம் பவுல். கி.பி. 50களில் கொரிந்துக்கு எழுதும்போது, நம்முடைய பஸ்காவாகிய கிறிஸ்து பலியிடப்பட்டிருக்கிறார் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். பெரும்பாலும் யூதரல்லாத ஒரு சபையிடம் விளக்கம் இல்லாமலே இதைச் சொல்ல முடிந்தது என்றால், சிலுவைக்கு இருபத்தைந்து வருஷத்துக்குள் இந்த வாசிப்பு எவ்வளவு பழகியிருக்கிறது பாருங்கள்.

இங்கே ஒரு திருத்தம் அவசியம். யாத்திராகமம் 12இல் பாவமன்னிப்பு என்ற பேச்சே கிடையாது. அந்த ஆட்டின் இரத்தம் தலைச்சன் பிள்ளையைக் காப்பாற்றியது, ஒரு ஜனத்தை வெளியே கொண்டுவந்தது. பாவத்தைச் சுமந்துபோவது லேவியராகமம் 16இன் போக்காடு. அடிக்கப்படும்படி கொண்டுபோகப்படுகிற ஆட்டுக்குட்டி ஏசாயா 53இல் வருவது. ‘உலகத்தின் பாவத்தைச் சுமந்து தீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி’ என்று யோவான்ஸ்நானன் சொன்னதில் இவை எல்லாம் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. வகுப்பில் ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டுங்கள். கடைசி இராப்போஜனமே பஸ்கா விருந்துதான் என்கிறார் மாற்கு. யோவானிலோ பிரதான ஆசாரியர்கள் இன்னும் பஸ்காவைப் புசிக்கவில்லை. இதைப் பற்றி அறிஞர்களுக்குள் நீண்ட விவாதம் உண்டு. உங்கள் வகுப்பில் அதைத் தீர்க்கப் பார்க்க வேண்டாம்.

ஈசாக்கின் கதைக்கு ஒரு வாரம். விறகைச் சுமந்து மலையேறும் மகனில் சிலுவை சுமந்தவரைச் சபை ஆதிமுதல் கண்டிருக்கிறது. புதிய ஏற்பாடு அந்த விறகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எபிரெயர் 11, ஆபிரகாம் மகனைச் சாவிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டதுபோலப் பெற்றுக்கொண்டான் என்கிறது. ரோமர் 8:32 ‘தம்முடைய சொந்தக் குமாரனென்றும் பாராமல்’ என்னும்போது ஆதியாகமம் 22 காதில் விழுகிறது. மோரியா என்ற இடத்தை 2 நாளாகமம் 3:1 சாலொமோனின் ஆலயத்தோடு முடிச்சுப் போடுவதையும் காட்டலாம். இதே அதிகாரத்தை யூதர்கள் தங்கள் புத்தாண்டின் இரண்டாம் நாளில் வாசிக்கிறார்கள். சிரியாவில் துரா யூரோப்போஸ் என்ற ஊரில் கி.பி. 245 வாக்கில் ஓவியம் தீட்டப்பட்ட ஜெப ஆலயம் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். அதில் வேதச் சுருள்களை வைக்கும் மாடத்துக்கு நேர் மேலே ஆபிரகாம் கத்தியோடு நிற்கிறார். அதே ஊரில், அதே காலத்தில் கிறிஸ்தவர்கள் கூடிய ஒரு வீடும் இருந்தது. ஒரே ஊர், ஒரே வேதம், இரண்டு வாசிப்பு. ‘யூதருடைய கண் குருடாகிவிட்டது’ என்று சில மேடைகளில் சொல்வதைப் பிள்ளைகளிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தப் பேச்சு ஐரோப்பாவில் எங்கே போய் முடிந்தது என்று நமக்குத் தெரியும்.

பாம்பு கடித்தவர்கள் நோக்கிப் பார்த்துப் பிழைக்கும்படி மோசே கம்பத்தில் உயர்த்திய வெண்கலச் சர்ப்பத்தைச் சொல்லும்போது கதையின் மறுபாதியை விடாதீர்கள். நம் பிரசங்கங்கள் எண்ணாகமம் 21இலிருந்து ஒரே தாவலில் யோவான் 3:14க்குப் போய்விடும். நடுவில் 2 இராஜாக்கள் 18:4 இருக்கிறது. ஜனங்கள் அந்தச் சர்ப்பத்துக்கே தூபம் காட்டத் தொடங்கினார்கள், எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான். பின்னால் வரப்போகிறவரைச் சாயலாகக் காட்டும் முன்னடையாளங்களைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற எல்லாருக்கும் அந்த வசனத்தை நான் சிபாரிசு செய்வேன். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட, யூதர்களின் சட்ட நூலான மிஷ்னாவும், சர்ப்பமா பிழைக்க வைத்தது என்று கேட்கிறது. இஸ்ரவேலர் மேலே பார்த்து, பரலோகப் பிதாவுக்குத் தங்கள் இருதயத்தைக் கீழ்ப்படுத்தியபோது குணமானார்கள் என்று பதிலும் சொல்கிறது. அமலேக்கோடு நடந்த யுத்தத்தில் மோசே தூக்கிப்பிடித்த கைகளைப் பற்றியும் அதே இடத்தில் அதே கேள்வி வருகிறது. பர்னபாவின் நிருபம் என்று வழங்கும் பழைய கிறிஸ்தவ நூலும் இந்த இரண்டு கதைகளையும் ஒரே அதிகாரத்தில் வைத்துப் பேசி, இரண்டும் சிலுவை என்கிறது. பக்கத்து வீடுகளில் இருந்துகொண்டு ஒரே பகுதிகளைப் பற்றி யோசித்திருக்கிறார்கள்.

அந்தப் பர்னபா நிருபத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொன்னால்தான் கன்வென்ஷன் ஊழியருக்கு வர முடியும். ஆபிரகாம் 318 ஆட்களோடு லோத்தை மீட்கப் போனான் அல்லவா? கிரேக்கத்தில் எழுத்துகளே எண்களாகவும் வழங்கும். 18க்கு உரிய இரண்டு எழுத்துகள் இயேசு என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். 300க்கு உரிய எழுத்து சிலுவை வடிவம். ஆகவே ஆபிரகாம் அன்றைக்கே இயேசுவையும் சிலுவையையும் கண்டான் என்கிறது அந்த நிருபம். இதைவிட உண்மையான உபதேசத்தை என்னிடம் யாரும் கேட்டதில்லை என்று பெருமை வேறு. ஆபிரகாமுக்குக் கிரேக்கம் எங்கே தெரியும்? எபிரெய மூலத்தில் அந்தக் கணக்கு நிற்காது. சபை அந்த நிருபத்தை வேதாகமத்தில் சேர்க்கவில்லை. ஆனால் அந்தப் புத்தி நம்மை விட்டுப் போகவும் இல்லை.

கூடாரத்து முளைகளும் நாலு நூல்களும் அந்த ரகம்தான். சீத்திம் மரம் ஏன் என்று கேட்டால் முதல் பதில், சீனாய் வனாந்தரத்தில் பலகை அறுக்கத் தோதாகக் கிடைத்த மரம் அதுதான். எபிரெயர் 9 கூடாரத்துக்குள் போய் குத்துவிளக்கு, மேசை, அப்பங்கள், பெட்டி, கிருபாசனம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, இவைகளை விவரமாய்ச் சொல்ல இப்போது நேரமில்லை என்பதுபோல நகர்ந்துவிடுகிறது. அந்த நிருபத்தை எழுதியவரே விட்டுவிட்டதை மூன்று ராத்திரி விரிக்க நமக்குத் தைரியம் அதிகம்தான்! அவருக்கு வேண்டியது கூடாரத்தின் அமைப்பு. மகா பரிசுத்த ஸ்தலம், அதை மறைக்கும் திரை, வருஷத்துக்கு ஒரே நாள், ஒரே ஆள், அதுவும் இரத்தத்தோடு. அடுத்த வருஷம் மறுபடியும். ஏன் மறுபடியும் என்ற கேள்வியை 10ஆம் அதிகாரம் கேட்கிறது. லேவியராகமம் 16 திறந்துவிட்டுப் போன இடம் அது. திரை கிழிந்ததை மத்தேயு சொல்கிறார், அந்தத் திரை அவருடைய மாம்சம் என்று எபிரெயர் 10:20 சொல்கிறது. இது போதுமான செல்வம். நூலின் நிறங்களை ஒரு விசுவாசி தியானத்தில் எண்ணி மகிழ்ந்தால் நான் தடுக்க மாட்டேன். ஆதாரமாக மட்டும் யாரிடமும், முக்கியமாக உங்கள் அக்கா மகனிடம், அதைக் காட்ட வேண்டாம்.

அதற்காக மறுபக்கம் விழுந்துவிடவும் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் பிஷப்பாக இருந்த ஹெர்பர்ட் மார்ஷ், புதிய ஏற்பாடு முன்னடையாளம் என்று பெயர் சொல்லிக் காட்டியதைத் தவிர வேறெதையும் ஏற்கக் கூடாது என்றார். பாதுகாப்பான சட்டம்தான். ஆனால் அதன்படி யோசேப்பு வெளியே போய்விடுவான். சகோதரர் பகைத்து விற்றுப்போட்டவனே பிற்பாடு அவர்களுக்கு உயிர் காத்தவனான கதையை வாசித்துவிட்டு இயேசுவை நினைக்காத கிறிஸ்தவன் உண்டா? ஸ்தேவானின் பிரசங்கமே யோசேப்பையும் மோசேயையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, நீங்கள் தள்ளினவனையே தேவன் மீட்பனாக அனுப்பினார் என்ற ஒரே வாய்பாட்டில் நகர்கிறது. பெயர் சூட்டாவிட்டாலும் வழி காட்டியிருக்கிறார்.

அந்த ஊழியரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பிள்ளைகள் அவர் சொன்னதை வகுப்பில் கொண்டுவந்தால், “எந்த வசனம் அப்படிச் சொல்லுது? சேர்ந்து பார்ப்போம்” என்று மட்டும் கேளுங்கள். தம்பி விரும்பினால் பஸ்கா வாரத்தில் அவனையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வையுங்கள். அவன் கேள்வி கேட்டால் வகுப்பு தூங்காது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, தயாரிப்புக்காக. யோவான் 19:36, அவருடைய எலும்புகளில் ஒன்றும் முறிக்கப்படுவதில்லை என்ற வேதவாக்கியம் நிறைவேறியது என்கிறது. பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று ஒத்துவாக்கிய வேதாகமத்தில் தேடி, யாத்திராகமம் 12:46 ஆட்டைப் பற்றியது, ஆனால் சங்கீதம் 34:20 நீதிமானுடைய எலும்புகளைப் பற்றி இதையே சொல்கிறதே, யோவான் எதைச் சொல்கிறார் என்று கேட்கும். இரண்டையும் பலகையில் எழுதிப் போடுங்கள். யோவான் இரண்டையும் சேர்த்தே நினைத்திருக்கலாம் என்பது என் கருத்து. பிள்ளைகள் வேறு முடிவுக்கு வந்தாலும் பரவாயில்லை.